மேகத்துக்கு மேலே மருதாணி

மலாயாவில் கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்து வெள்ளைக்கார அரசோடு சண்டை போட்ட அவசரகாலத்தில் எங்கள் தோட்டத்தில் துணி விரிக்கிற வழக்கம் வந்தது. தொலைபேசிக் கம்பியை இன்று இழுத்துக் கட்டினால் நாளை அறுந்து கிடக்கும். யார் அறுத்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அதனால் மேலதிகாரிகள் ஓர் ஏற்பாடு செய்தார்கள். காலையில் பெரட்டில் பேர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்கு அனுப்பி முடிந்ததும் ஒரு தடவை, சாயங்காலம் ஊரடங்கு தொடங்குவதற்கு முன்னால் ஒரு தடவை, ஆபீசுக்கு எதிரே உள்ள திடலில் பெரிய துணியை விரித்து ஓரத்தில் கல் வைக்க வேண்டும். எல்லாம் நலம் என்றால் வெள்ளைத் துணி. ஆபத்து என்றால் சிவப்பு. மேலே ஒரு சின்ன விமானம் வந்து பார்க்கும். சிவப்பைக் கண்டால் ரேடியோவில் சொல்லும், போலீஸ் லோரிகள் கிளம்பும்.

அந்த விமானத்தின் பின் இருக்கையில் உட்கார்ந்து துணியின் நிறத்தைச் சொல்கிற வேலை எனக்கு.

இதைச் சொன்னால் இன்றைக்கும் சிலர் "அப்போதே ஆகாயத்தில் பறந்த வீரர்" என்று கைகுலுக்க வருகிறார்கள். வீரமாவது வெங்காயமாவது. நான் கோல சிலாங்கூருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் சின்னக் கிராணி. என் அப்பா முன்கோபக்காரர். தொரையோடு சண்டை போட்டுக்கொண்டு தோட்டம் தோட்டமாக மாறினார். ராசாவில் கொஞ்ச நாள், செரண்டாவில் கொஞ்ச நாள், சபாக் பக்கம் கொஞ்ச நாள். மேலேயிருந்து பார்த்தால் ரப்பர்க் காடு முழுக்க ஒரே பச்சை. கோயில் எந்தப் பக்கம், கள்ளுக்கடை எந்தப் பக்கம், ஆட்கள் குடியிருக்கும் லயம் எப்படித் திரும்பும் என்று அங்கே புழங்கியவன்தான் இது இன்ன தோட்டம் என்று சொல்ல முடியும். செத்துப்போன அப்பாவின் கோபம் எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது. வாரநாள்களில் கோலாலம்பூரில் விமானத் திடலுக்குப் பக்கத்தில் தங்குவேன். சனிக்கிழமை தோட்டத்துக்கு வருவேன்.

விமானி வெள்ளைக்காரர். கெட்டவர் இல்லை. ஒரு சிகரெட்டு முடிவதற்குள் அடுத்ததைப் பற்றவைப்பார். கோழிக்கூண்டு போன்ற அந்த இடத்தில் அவர் விட்ட புகையில் பாதியை நான் குடித்தேன். இருவரும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வோம். எஞ்சின் இரைச்சலில் அதைப் பேச்சு என்று சொல்ல முடியாது, கத்துவோம்.

ஆரம்பத்தில் தாழ்வாகத்தான் பறந்தோம். லயத்து வாசலில் காயும் மிளகாய் கூடத் தெரியும். பிறகு ஒருநாள் காட்டோரமாகப் போகும்போது கீழேயிருந்து யாரோ சுட்டு இறக்கையில் ஓட்டை விழுந்தது. அன்றிலிருந்து உயரப் பறக்கச் சொல்லி உத்தரவு. உயரப் போனதிலிருந்துதான் என் கண்ணுக்கு ஏதோ ஆனது.

மேலே ஏற ஏறப் பச்சை வெளுத்துவிடும், சாயம் போன கைலி மாதிரி. சாயங்காலச் சுற்றில் இன்னும் மோசம். ஓரங்களில் இருட்டு கட்டும். விமானம் தரையிறங்கினால் எல்லாம் பழையபடி பளிச்சென்று இருக்கும். துணியின் நிறம் சொல்லத்தான் எனக்குச் சம்பளம். கண் போனால் வேலை போகும் என்கிற பயம் ஒருபக்கம். நான் தப்பாகச் சொன்னால் கீழே ஓர் உயிர் போகும் என்கிற பயம் அதைவிடப் பெரிது. அப்படி ஒரு தப்பு எங்கள் தோட்டத்தின் மேலேயே நடந்துவிட்டால் என்ன செய்வேன் என்று படுக்கையில் புரண்டுகொண்டு யோசித்திருக்கிறேன்.

கல்யாணமாகி அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. பெண்டாட்டியிடம் சொன்னேன்.

"இது மாலக்கண்ணுங்க. சந்தேகமே வேணாம்," என்று அவள் அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "அந்தி நேரத்துல மங்குதுன்னா வேற என்னவாம்?"

மாலைக்கண்ணுக்குத் தோட்டத்தில் மருந்து தெரியாதவர்கள் இல்லை. ஆட்டு ஈரல், முருங்கைக்கீரை, அகத்திக்கீரை. சனிக்கிழமை வந்தால் ஈரல், ஞாயிற்றுக்கிழமையும் ஈரல். புது மாப்பிள்ளை என்று பலகாரம் தின்ன வேண்டியவன் ஈரலைத் தின்று தின்று அந்த வாசனைக்கே முகம் சுளித்தேன். அவள் அப்பா அங்கே ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர். கேலிக்குக் கேட்கவே வேண்டாம்.

"காமாலக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு கேள்விப்பட்டுருக்கேன். நம்ம மாப்ளைக்குக் கண்டதெல்லாம் சாம்பல் போல லா," என்று பெரட்டில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்.

ஆனால் ஓர் அந்தியில் அவள் முறத்தில் அரிசியைக் கொட்டிக் கல் பொறுக்கச் சொன்னாள். ஒன்று விடாமல் பொறுக்கிவிட்டேன். மாலைக்கண்காரனால் அது முடியாது. அவளும் முறத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அரிசியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த வாரமும் ஈரல்தான்.

விமானியிடமும் சொன்னேன். அவருடைய இருக்கைக்குக் கீழே ஒரு சின்னப் பிராணவாயுக் குப்பி இருந்தது, ஒற்றை முகமூடியோடு. அதைக் காட்டி, இன்னும் உயரமாகப் போனால்தான் இது வேண்டும், நாம் பறக்கிற உயரத்துக்குத் தேவையில்லை என்று விதி இருக்கிறது என்றார். "உனக்கு உயரம் பயம். பழகிவிடும்," என்று முதுகில் தட்டினார். பயமாம்! கண்ணைப் பற்றிக் கேட்டால் இவர் நெஞ்சைப் பற்றிச் சொல்கிறார். எனக்கு எரிச்சலாக வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் இருந்த செடியிலிருந்து அவள் மருதாணி பறித்து, கொட்டைப்பாக்கு வைத்து அரைத்தாள். தன் கைக்கு வைத்துக்கொண்டு மீதியோடு என் பக்கம் வந்தாள். விமானத் திடலில் இருக்கிற பயல்கள் பொம்பளைக் கை என்று சிரிப்பார்கள் என்று மறுத்தேன். கடைசியில் இடது கைச் சுண்டுவிரலுக்கு மட்டும் ஒரு தொப்பி வைக்க ஒப்புக்கொண்டேன். காலையில் கழுவிப் பார்த்தால் விரல் நுனி குங்குமமாய்ச் சிவந்திருந்தது.

"பாத்தீங்களா, எப்படிச் செவந்துருக்குன்னு. ஆச இல்லாம இப்படிச் செவக்காது," என்று விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மருதாணி சிவந்தால் பிரியம் அதிகம் என்பது அவர்கள் கணக்கு. கறுத்துப்போனால் நல்லதில்லை என்பதும் அதே கணக்கில் சேர்த்திதான். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று அவளிடம் சொன்னேன். லோரி ஏறி கோலாலம்பூர் வந்து சேரும்வரை அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து, சாயங்காலச் சுற்று. மதியம் முழுக்க மழை கொட்டியதால் தாமதமாகக் கிளம்பினோம். செரண்டாவைத் தாண்டும்போதே முன்னால் கருமேகம் சுவர் வைத்தது போல நின்றது. ராசாவுக்கு மேலே போனபோது மலைப்பக்கம் முழுவதும் அடைத்துக்கொண்டது. விமானி மேகத்துக்கு மேலே ஏற ஆரம்பித்தார். விமானம் முனகிக்கொண்டே ஏறியது. உயரம் காட்டும் முள் அதற்கு முன் நான் பார்க்காத இடத்தில் போய் நின்றது. குளிரில் பல் கிட்டியது. அப்படியே மேற்கே போய் சபாக் பக்கம் திரும்பிக் கடலோரமாகத் தெற்கே வந்தோம். அங்கே மேகம் ஓட்டை ஓட்டையாக இருந்தது. ஓட்டை வழியே கீழே தோட்டங்கள் வந்து வந்து மறைந்தன. வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது.

சபாக் பக்கத்துத் தோட்டம் வந்தது. "வெள்ளை," என்று கத்தினேன். அடுத்ததும் வெள்ளை. அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். வெளுத்ததெல்லாம் பால் என்று இருந்த அந்த நேரத்தில் எனக்குப் பயமே இல்லை. அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது. கள்ளு குடித்தவனைப் போல இதமாக இருந்தது. சிரிப்பு வந்தது. முன்னால் விமானி ஏதோ பாட்டைச் சீட்டியடித்துக்கொண்டிருந்தார். இருவரும் கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி போய்க்கொண்டிருந்தோம்.

பிறகு எங்கள் தோட்டம் வந்தது. கோயில், கள்ளுக்கடை, வளைந்து போகிற லயம், திடல். திடலில் ஒரு பெரிய சதுரம்.

அது வெள்ளை இல்லை. சிவப்பும் இல்லை. அடுப்புச் சாம்பல் மாதிரி இருந்தது. அப்படி ஒரு நிறம் எங்கள் ஏற்பாட்டிலேயே கிடையாது.

"என்ன நிறம்?" என்று விமானி கத்தினார்.

நான் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். சாம்பல்.

"வெள்ளைதானே?"

இத்தனை தடவை வெள்ளை, இதுவும் வெள்ளையாகத்தான் இருக்கும், மழையில் அழுக்காகியிருக்கும் என்று மனது சமாதானம் சொன்னது. வாயைத் திறந்துவிட்டேன். திடலைக் காட்டுவதற்காக இடது கையைக் கண்ணாடியில் வைத்தேன். சுண்டுவிரல் கறுப்பாக இருந்தது.

கறுப்பு என்றால் கரி. அன்று காலையில்கூடக் குங்குமமாய் இருந்த விரல். மற்ற நேரமாக இருந்தால் கண்ணில் கோளாறு என்று யோசித்திருப்பேன். அந்த உயரத்தில் எனக்குப் புத்தி என்று ஒன்று மிச்சமில்லை. மருதாணி கறுத்துவிட்டது, அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது, அவ்வளவுதான் தோன்றியது.

"இறங்குங்கள் சார்! என் மனைவிக்கு ஆபத்து!"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"என் விரல் கறுத்துவிட்டது!"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சுண்டுவிரலை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். பின் இருக்கையில் ஒருவன் பைத்தியம் பிடித்து விரலை நீட்டினால் எந்த விமானியும் என்ன செய்வார்? பையன் உயரம் தாங்காமல் உளறுகிறான் என்று முடிவு கட்டி, இருக்கைக்குக் கீழே கைவிட்டு முகமூடியை எடுத்து என் மூஞ்சியில் வைத்து அழுத்தினார். திமிறினேன். விடவில்லை. வேறு வழியில்லாமல் மூச்சு இழுத்தேன்.

நாலைந்து மூச்சுதான் இருக்கும். யாரோ விளக்குத் திரியைத் தூண்டிவிட்டது போல ஆனது. முன்னாலிருந்த பலகையில் ஒரு குமிழ் சிவப்பாக இருந்தது. அது சிவப்பு என்பது அதுவரை எனக்குத் தெரியாது. விமானியின் சட்டைக்கு மண்ணின் நிறம் வந்தது. முகமூடியைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தேன். மருதாணி நல்ல சிவப்பாக இருந்தது.

அப்போதுதான் உறைத்தது. என் விரல் கறுக்கவில்லை. என் கண்ணுக்குச் சிவப்பு தெரியாமல் போயிருந்தது. அப்படியானால் கீழே சாம்பலாகத் தெரிந்தது என்ன?

கண்ணாடியில் முகத்தை ஒட்டிக் கீழே பார்த்தேன். மேகம் மூடிவிட்டது. திடலும் இல்லை, தோட்டமும் இல்லை.

 அதுவரை வராமல் இருந்த பயம் எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் வந்தது. "சார், அது சிவப்பு. சிவப்பாகத்தான் இருக்க வேண்டும்," என்று கத்தினேன். அவர் திரும்பிச் சிரித்தார். "வெள்ளை என்று சொன்னாயே?"

"நான் சொல்லவே இல்லை!"

சிரித்த அந்த உதட்டைப் பார்த்தேன். நாவற்பழம் தின்ற வாய் மாதிரி நீலமாக இருந்தது. எனக்கு வந்ததுதான் அவருக்கும் வந்திருக்கிறது. நானாவது உளறினேன். இவர் விமானத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

பின்னாலிருந்து முகமூடியை அவர் முகத்தில் கொண்டுபோய் வைத்தேன். தட்டிவிட்டார். மறுபடி வைத்தேன். கையை முறுக்கினார். விமானம் ஒருபக்கமாகச் சாய்ந்தது, வரைபடம் நழுவிக் காலடியில் விழுந்தது. நான் விடவில்லை. அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, வெள்ளைக்காரர் என்றும் பார்க்காமல், தமிழில் வாய்க்கு வந்ததைத் திட்டிக்கொண்டே அழுத்திப் பிடித்தேன். மெல்ல மெல்ல அவர் கை தளர்ந்தது. மூச்சு சீராக வந்தது. சீட்டி நின்றது. திசைகாட்டியைப் பார்த்தார். குனிந்து இன்னொரு தடவை பார்த்தார். நாங்கள் கோலாலம்பூருக்குப் போகவில்லை. நடுக்கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தோம்.

 அவர் விமானத்தைத் திருப்பி, மேகத்தில் ஓர் ஓட்டை தேடி, அதன் வழியே இறக்கினார். காது அடைத்தது. மழைத்தூறல் கண்ணாடியில் அடித்தது. சிலாங்கூர் ஆறு தெரிந்தது, பிறகு கோயில், கள்ளுக்கடை, லயம். ஆபீஸ் இருந்த இடத்தில் கூரை இல்லை. ஈரப்புகை கிளம்பிக்கொண்டிருந்தது.

திடலில் சிவப்பு. ஒரே சிவப்பு இல்லை. அரக்கு, குங்குமம், மாதுளை என்று துண்டு துண்டாகச் சேர்த்த சதுரம். விமானி ரேடியோவில் கத்த ஆரம்பித்தார். எனக்கு அழுகை வந்தது. கண்ணீரை வழியவிட்டுக்கொண்டே திடலைச் சுற்றிப் பார்த்தேன். பெண்கள் கையை ஆட்டிக்கொண்டு ஓடினார்கள். அவ்வளவு தாழ்விலும் எது அவள் என்று தெரியவில்லை. போலீஸ் லோரிகளின் விளக்கு ரோட்டில் தெரியும்வரை தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் லீவு வாங்கிக்கொண்டு ஓடினேன். நடந்தது இதுதான். மத்தியானம் மழைக்குள் காட்டு ஆட்கள் வந்து, தோட்டத்துத் துப்பாக்கிகள் எங்கே என்று கேட்டார்கள். மாமனார் சொல்லவில்லை. தொடையில் சுட்டுவிட்டு ஆபீசுக்குத் தீ வைத்தார்கள். இருட்டியதும் வருவோம், எடுத்து வைக்காவிட்டால் லயமும் இருக்காது என்று சொல்லிவிட்டு ரப்பர்க் காட்டுக்குள் போய்விட்டார்கள். சிவப்புத் துணி ஆபீசுக்குள்தான் இருந்தது, அதுவும் எரிந்துவிட்டது. மாமனார் ரத்தம் நிற்காமல் கிடக்க, பெண்கள் கூடி யோசித்திருக்கிறார்கள். ரப்பர்ப் பால் கறையும் வெயிலும் பட்டு மற்றச் சேலையெல்லாம் வெளுத்துப்போனவை. தோட்டத்துப் பெண்களிடம் நல்ல சிவப்பில் இருந்தது கல்யாணத்துக்குக் கட்டிய கூறைப்புடவை ஒன்றுதான். ஒவ்வொருத்தியும் டிரங்குப் பெட்டியைத் திறந்து அதைக் கொண்டுவந்து சேற்றில் விரித்துக் கல் வைத்தார்கள்.

மாமனார் ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டார். கால்தான் கடைசிவரை இழுத்து இழுத்து நடந்தார். என்னைப் பரிசோதித்த டாக்டர், உயரத்தில் காற்று மெலிந்தால் முதலில் ஏமாறுவது கண்தான் என்றார். சின்ன வயதில் வெறுங்காலோடு திரிந்து வயிற்றில் புழு சேர்ந்தவனுக்கு ரத்தம் ஏற்கெனவே மெலிந்திருக்கும், சிகரெட்டுப் புகையும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் ஏமாறும், ஏமாந்தது தெரியாமல் சந்தோஷமாகவும் இருக்கும் என்றார். அதன்பிறகு சாயங்காலச் சுற்றுக்கு இரண்டு முகமூடிகள் வந்தன. விமானி விமானத்தில் சிகரெட்டு பிடிப்பதை விட்டார்.

மாமனாருக்கு ஆபத்து நீங்கிய பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, அவள் குழாயடியில் தன் கூறைப்புடவையை அலசிக்கொண்டிருந்தாள். கல் குத்திய இடங்களில் கிழிந்திருந்தது. சேறு போகவில்லை.

"மேலேருந்து பாத்தப்ப என் சேல தெரிஞ்சிச்சாங்க?" என்று கேட்டாள்.

"மொதல்ல தெரியல புள்ள. சாம்பலாத்தான் தெரிஞ்சிச்சு."

அவள் அலசுவதை நிறுத்தினாள். "அப்பறம் எப்படி எறங்குனீங்க?"

சுண்டுவிரலைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். விரல் கறுத்ததை, அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நான் அலறியதை. அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"இந்த வெரலும் இல்லன்னா?"

"வெள்ளைன்னு சொல்லிருப்பேன். சொல்லத்தான் வாயத் தொறந்தேன்."

அவள் சேலையைப் பிழிந்து கொடியில் போட்டாள். பக்கத்திலிருந்த செடியை மொட்டையடிப்பது போல மருதாணியைப் பறித்தாள். அன்று சாயங்காலம் என் பத்து விரலுக்கும் தொப்பி வைத்தாள். நான் ஒரு விரலைக்கூட இழுத்துக்கொள்ளவில்லை. சாப்பிடக் கை இல்லாததால் அவளே பிசைந்து ஊட்டினாள். ஈரல் குழம்பு. முகம் சுளிக்காமல் தின்றேன்.